அந்த இரண்டு சொட்டுக்கள்



சென்ற மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ஆனால் அவர் எழுதியிருக்கும் விடயம் நம்மில் பலருடைய வீட்டு விடயம். ஆகவே அவருக்கு எழுதும் பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவருடைய மகனுக்கு இப்போது இருபத்தொரு மாதம். ஒன்றரை வயதில் கொடுக்க வேண்டிய போலியோ சொட்டு மருந்தும் அதனோடு போடும் முக்கூட்டு ஊசியும் இன்னும் கொடுபடவில்லை. கணவர் கத்தாரில் தொழில் செய்கிறார். வீட்டில் மாமி, மச்சி, இவர், பிள்ளை. கிளினிக் நாளன்று பிள்ளைக்குத் தடிமன் என்று முதல் தடவை தவறிப் போனது. அடுத்த மாதம் போகலாம் என்றிருந்த நேரத்தில் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து சேர்ந்தது. முஸ்லிம்களுடைய பிள்ளைப்பேற்றைக் குறைப்பதற்காகவே இந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் அதில் பேசியிருக்கிறார். யார், எந்த ஊர் என்று எதுவும் இல்லை. மாமி அதைக் கேட்டுவிட்டார்.

"இங்க போலியோ எண்ட நோயே இல்ல மகள். இல்லாத நோய்க்கு என்னத்துக்கு மருந்து? புள்ளய சும்மா உடுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"மாமியை எதிர்த்துப் பேசவும் என்னால் முடியவில்லை. பிள்ளையை நினைத்தால் இரவில் தூக்கமும் வரவில்லை. நான் என்ன செய்ய?" என்று அந்தச் சகோதரி கடிதத்தை முடித்திருக்கிறார்.

தங்கையே, உங்கள் மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தினால்தான் அவர் பயப்படுகிறார். அத்துடன், அவர் கேட்டது நியாயமான கேள்வி. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? இதே கேள்வியை உலகத்தின் பல மூலைகளிலும் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். சில இடங்களில் அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்காமல் போனது. அப்படிக் கிடைக்காமல் போனதால் என்ன நடந்தது என்பதைத்தான் இம்மாதம் பேசப் போகிறோம்.

அந்த நோய் எப்படிப்பட்டது?

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருந்தார். 1962ஆம் ஆண்டு நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் பெரிய அளவில் பரவியபோது அவருக்கு மூன்று வயது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் உம்மா பிள்ளையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். வலது கால் நிற்கவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கால் வளரவும் இல்லை, நடக்கவும் இல்லை. ராத்தா நல்ல தையற்காரி. ஆனால் தையல் மெஷினை மிதிக்க ஒரு காலைத்தான் பயன்படுத்துவார். பெருநாள் உடுப்புக்கு அளவு கொடுக்கப் போகும் போதெல்லாம் அந்தக் காலை நான் பார்த்திருக்கிறேன். மெலிந்து, குளிர்ந்து, ஒரு சிறு பிள்ளையின் கால் மாதிரியே இருக்கும்.

அந்த 1962ஆம் ஆண்டிலேதான் நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கத் தொடங்கினார்கள். ராத்தாவுக்கு அது பிந்திவிட்டது. அவருக்குப் பின்னால் பிறந்த நமக்குக் கிடைத்தது. இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டது 1993ஆம் ஆண்டில். ஆகவே இன்றைய இளம் தாய்மார் இந்த நோயைக் கண்ணால் கண்டதே இல்லை. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் காணாத நோய்க்குப் பயமும் இருக்காது என்பது மனித சுபாவம்.

போலியோ ஒரு வைரஸ் கிருமி. மலத்தின் மூலம் வெளியேறி, அழுக்கான தண்ணீர், உணவு, கழுவாத கை வழியாக இன்னொரு பிள்ளையின் வாய்க்குள் போகிறது. குடலில் பெருகுகிறது. கிருமி தொற்றிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்குச் சாதாரண காய்ச்சலோடு போய்விடும். ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் அது முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கி, கையையோ காலையோ நிரந்தரமாக முடக்குகிறது. அப்படி முடங்கியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை, மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்து இறந்து போகிறார்கள். வந்தபின் மாற்றுவதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டுமே வழியுண்டு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கால் முடங்கி நோய் வெளியில் தெரிய வரும்போது, அதே ஊரில் சுமார் இருநூறு பேர் தமக்கே தெரியாமல் அந்தக் கிருமியைச் சுமந்து கொண்டிருக்கலாம். "நோய் வந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம்" என்பது போலியோ விடயத்தில் செல்லாது. வந்தது தெரியும்போது அது ஊரெல்லாம் வந்து முடிந்திருக்கும்.

1988ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒன்றுகூடி இந்த நோயை ஒழித்துவிடுவதென்று தீர்மானித்தன. அன்றைய கணக்கின்படி 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகள் முடமாகிக் கொண்டிருந்தார்கள். அதிலிருந்து இன்றுவரை ஆயிரத்தில் 999 பங்கு குறைந்துவிட்டது. இந்தியா 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையான போலியோக் கிருமியால் நோயுற்ற ஒருவரையும் காணவில்லை. 2014 மார்ச்சில் இலங்கை உட்பட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. இயற்கையான போலியோக் கிருமி தொடர்ந்து பரவும் நாடுகளாக எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் முடிக்க முடியவில்லை? மருந்து பழுதா? இல்லை. கதையைக் கேளுங்கள்.

கானோவில் நடந்தது

நைஜீரியாவின் வடக்கே கானோ என்றொரு மாநிலம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. 1996ஆம் ஆண்டில் அங்கே மூளைக்காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அந்த நேரத்தில் ஓர் அமெரிக்க மருந்துக் கம்பனி வந்து, புதிய மருந்தொன்றைச் சுமார் இருநூறு பிள்ளைகளை வைத்துப் பரிசோதித்தது. அவர்களில் பதினொரு பிள்ளைகள் இறந்தார்கள். பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் பெறவில்லை என்று வழக்குகள் எழுந்தன. பல வருட இழுபறிக்குப் பின் 2009இல் நட்டஈடு கொடுக்கக் கம்பனி உடன்பட்டது. அது போலியோ மருந்தல்ல. தடுப்பு மருந்தும் அல்ல. ஆனால் பிள்ளையை இழந்த ஊருக்கு அந்த வித்தியாசத்தை யார் விளக்கிச் சொன்னார்கள்?

2003இல் போலியோ சொட்டு மருந்தோடு வீடு வீடாக ஆட்கள் வந்தபோது கானோ மக்களின் மனதில் பழைய காயம் இருந்தது. இன்னொரு குறையும் இருந்தது. "பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் மருந்து இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் நாங்கள் கேட்காத இந்தச் சொட்டு மட்டும் திரும்பத் திரும்ப வாசலுக்கு வருகிறதே, ஏன்?" என்று அவர்கள் யோசித்தார்கள். அந்த நேரத்தில்தான் வதந்தி கிளம்பியது. பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து இதில் கலந்திருக்கிறது என்று. ஆம் தங்கையே, உங்கள் வட்ஸ்அப்புக்கு வந்த அதே கதைதான். அது புதிதல்ல, இருபது வயதைத் தாண்டிய கதை.

கானோவும் வேறு சில வட மாநிலங்களும் சொட்டு மருந்தை நிறுத்தின. நைஜீரியாவிலிருந்து ஒரு குழு வெளிநாடுகளுக்குச் சென்று மருந்தைப் பரிசோதித்துப் பார்த்தது. குற்றமில்லை என்று கண்ட பின்பும் கானோ உடனே இணங்கவில்லை. கடைசியில் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்தைத் தருவித்து, 2004 ஜூலையில் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நிறுத்தி வைத்திருந்தது சுமார் பதினொரு மாதம். அதற்குள் நடந்ததைப் பாருங்கள். நைஜீரியாவில் 2003இல் 355 ஆக இருந்த நோயாளர் தொகை 2004இல் 782 ஆயிற்று. அங்கிருந்து கிருமி புறப்பட்டு ஏறத்தாழ இருபது நாடுகளுக்குப் போனது. சாட், சூடான் வழியாகச் செங்கடலைத் தாண்டி யெமனில் 450க்கும் மேற்பட்ட பிள்ளைகளை முடமாக்கியது. 2005இல், பத்து வருடமாகப் போலியோவையே காணாதிருந்த இந்தோனேசியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மேற்கு ஜாவாவின் ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளையில் தொடங்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். கானோவுக்கு நம்பிக்கை வரட்டுமென்று மருந்து அனுப்பிய அதே இந்தோனேசியா.

இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்ற கேள்விக்கு, ஜாவாவின் அந்தத் தாய்மாரே பதில். அவர்களுடைய நாட்டிலும் நோய் இல்லாமல்தான் இருந்தது. நோய் இல்லாத இடத்தில் மருந்து தவறிய பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். நோய் தேடி வந்தபோது அந்தப் பிள்ளைகளைத்தான் கண்டது.

நம்பிக்கையைக் கெடுத்தவர்கள்

வதந்தி பேசியவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் அது நீதியாகாது. 2011ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் அபொட்டாபாத் நகரில், உசாமா பின் லாதின் ஒளிந்திருந்த வீட்டைத் தேடுவதற்காக, அமெரிக்க உளவுத்துறை ஒரு போலித் தடுப்பூசித் திட்டத்தை நடத்தியது. ஈரல் அழற்சி நோய்க்கான ஊசி போடுவதாகச் சொல்லி வீடுகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் செய்தி வெளியே வந்தபோது, பிள்ளைகளுக்கு உண்மையாகவே மருந்து கொடுக்கப் போன ஆயிரக்கணக்கான பெண்களின் மீது சந்தேகம் விழுந்தது. 2012 டிசம்பரில் சில நாட்களுக்குள் ஒன்பது போலியோப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். நம்மைப் போல வீட்டு வேலையை முடித்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவு கதவாகத் தட்டப் போனவர்கள்.

தடுப்பூசித் திட்டங்களை உளவு வேலைக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று அமெரிக்க அரசு 2014இல் அறிவித்தது. ஆனால் உடைந்த நம்பிக்கையைச் சேர்த்து வைப்பது அறிக்கையால் முடிகிற காரியமா? அந்த 2014ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் 306 பிள்ளைகள் போலியோவினால் பாதிக்கப்பட்டார்கள். பின்னர் பெருமுயற்சியால் 2021இல் ஒரே ஒரு நோயாளி என்ற அளவுக்குக் குறைந்தது. மருந்து எட்டாத பிள்ளைகள் மீண்டும் சேரவே, 2024இல் 74 ஆக ஏறியது. ஆனாலும் அந்தப் பெண்கள் இன்னமும் கதவுகளைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மருந்து குடித்த பிள்ளையின் சின்ன விரலில் மை பூசுகிறார்கள். வீட்டுச் சுவரில் சோக்கினால் குறியிட்டு, அன்றைக்கு வீட்டில் இல்லாத பிள்ளைக்காகத் திரும்பவும் வருகிறார்கள்.

நைஜீரியாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கே பெரிய அதிகாரிகள் போய்ப் பேசியதால் மட்டும் மனம் மாறவில்லை. சொகோட்டோ சுல்தானும் ஊர்த் தலைவர்களும் உலமாக்களும் முன்னுக்கு வந்தார்கள். அதே தெருவில் வாழும் பெண்கள் வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்து பேசினார்கள். சொட்டு மருந்தோடு காய்ச்சல் மருந்து, சவர்க்காரம், நுளம்பு வலை ஆகியவற்றையும் கொண்டு போனார்கள். அந்த ஊர் மக்களுடைய குறைக்கு அதுதான் சரியான பதில். 2016க்குப் பிறகு அங்கே இயற்கையான போலியோக் கிருமி காணப்படவில்லை. 2020 ஓகஸ்ட் 25ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆபிரிக்கப் பிராந்தியம் முழுவதும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வதந்தியால் கெட்ட ஊரும் திருந்தி எழும்பலாம் என்பதற்கு இது சாட்சி.

சந்தேகங்களுக்கு நேரான பதில்

இனி உங்கள் மாமியின் சந்தேகத்துக்கு வருவோம். பிள்ளைப்பேறு குறைந்துவிடும் என்கிறார்கள். அதற்கு ஆராய்ச்சிப் புத்தகம் தேவையில்லை. உங்கள் வீட்டு முற்றமே போதும். நம் நாட்டில் இந்த மருந்து 1962இலிருந்து கொடுக்கப்படுகிறது. உங்கள் மாமிக்கு ஐம்பது, அறுபது வயதென்றால், அவரே குழந்தையாக இருந்தபோது அதைக் குடித்திருக்கக் கூடும். உங்கள் கணவரும் மச்சியும் நிச்சயம் குடித்திருப்பார்கள். நீங்களும்தான். இந்த மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுப்பது உண்மையானால், இன்றைக்கு மாமியின் மடியில் கிடக்கும் பேரப்பிள்ளை எங்கிருந்து வந்தது? மாமியிடம் இதைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவரும் சிரிப்பார்.

மார்க்க ரீதியாகச் சந்தேகப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அல் அஸ்ஹரும், இஸ்லாமிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த சர்வதேச பிக்ஹு அகடமியும் போலியோத் தடுப்பு மருந்தை ஆதரித்திருக்கின்றன. இதற்கெனவே ஓர் ஆலோசனைக் குழுவையும் வேறு நிறுவனங்களுடன் சேர்ந்து அமைத்திருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போய் வந்திருந்தால், போகும் முன் ஓர் ஊசி போட்டது ஞாபகம் இருக்கும். அது மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அந்த நோய் பரவிய பிறகே சவூதி அரசு அதைக் கட்டாயமாக்கியது. போலியோ பரவும் நாடுகளிலிருந்து போகும் யாத்திரிகர்களோ, வயது வந்தவர்களானாலும், போலியோ மருந்து எடுத்த அத்தாட்சியைக் காட்ட வேண்டும். இலட்சோப இலட்சம் பேர் தோளோடு தோள் நிற்கும் இடத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தீங்கு போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். புனித பூமிக்குப் போகப் போட்ட ஊசிக்குப் பயப்படாத நாம், பேரப்பிள்ளையின் இரண்டு சொட்டுக்குப் பயப்படுவானேன்?

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மறைத்தால் நாளைக்கு அதையே வேறொருவர் பயங்கரமாக்கி அனுப்புவார். சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. மிக அரிதாக, முதல் தடவை மருந்து குடிக்கும் சுமார் 27 இலட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு, அந்த மருந்தாலேயே வாதம் வரலாம். அத்துடன், பெரும்பாலான பிள்ளைகள் மருந்து எடுக்காத ஊரில், அந்தப் பலவீனக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்காக நீண்ட காலம் பரவி, மாற்றமடைந்து, மீண்டும் பலம் பெற்றுவிடவும் கூடும். இதனாலேயே இப்போது சொட்டு மருந்தோடு, உயிரற்ற கிருமியினால் செய்த ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள். நம் நாட்டில் அது 2015இல் தொடங்கியது. எல்லாப் பிள்ளைகளும் மருந்து எடுத்த ஊரில், மாறிய கிருமிக்கும் போக இடமில்லை. ஆகவே இந்த ஆபத்துக்கும் மாற்று, ஒரு பிள்ளையும் தவறாமல் கொடுப்பதுதான்.

காஸாவில் இதைத்தான் கண்டோம். போருக்கு முன் அங்கே ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் தடுப்பு மருந்து எடுத்தவர்கள். போர் ஆஸ்பத்திரிகளையும் குழாய்களையும் கழிவு வாய்க்கால்களையும் உடைத்தது. 2024 ஜூலையில் கழிவுநீரில் மாற்றமடைந்த போலியோக் கிருமி தென்பட்டது. அடுத்த மாதம், போரினால் தடுப்பு மருந்து கிடைக்காமல் போன பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் முடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அங்கே வந்த முதல் போலியோ. செப்டெம்பரில் சில மணித்தியாலங்கள் சண்டை நிற்பதற்கு வழி செய்து மருந்து கொடுத்தார்கள். கூடாரங்களிலிருந்தும் இடிபாடுகளுக்கு நடுவிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதற் சுற்றிலேயே ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருந்து குடித்தார்கள். நம் நாட்டிலும் 1990களில் யுத்தம் நடந்தபோது, போலியோ மருந்து கொடுக்கும் நாளுக்காக வடக்கில் இரு தரப்பாரும் துப்பாக்கியைக் கீழே வைத்தது வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நம் வீட்டுக் கதவு

தூர தேசத்துக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். போலியோ பரவும் நாடுகளுக்கும் நமக்கும் இடையில் சில மணி நேர விமானப் பயணம்தான். 2022இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலேயே தடுப்பு மருந்து எடுக்காத ஒருவருக்குப் போலியோவால் வாதம் வந்தது. லண்டன் நகரக் கழிவுநீரிலும் அவ்வாண்டு கிருமி இருந்தது. அங்கெல்லாம் வரலாமென்றால் நமக்கு வேலி ஏது?

சின்னமுத்து நோயையும் பாருங்கள். அது ஒழிக்கப்பட்ட நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. நாம் பெருமைப்பட்டோம். நான்கே வருடத்தில், 2023இல், அது திரும்பவும் வந்தது. ஊசி தவறிய பிள்ளைகளிடையே பரவியது. 2024 ஜனவரியில் கொழும்பு, கம்பஹா, கல்முனை உட்பட ஒன்பது பகுதிகளில் விசேடமாக ஊசி போட வேண்டியதாயிற்று. ஒன்பது மாதத்தில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, மூன்று வயதில் போட வேண்டிய இரண்டாவதை மறந்துவிடும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

கடந்த ஐம்பது ஆண்டுகளில் தடுப்பு மருந்துகள் உலகெங்கும் சுமார் 15 கோடி 40 இலட்சம் உயிர்களைக் காத்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இருந்தும் 2024இல் ஒரு கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் முக்கூட்டு ஊசியின் முதல் தடவையைக்கூடப் பெறவில்லை. யுத்தம், வறுமை, தூரம், நம்பிக்கையின்மை என்று காரணங்கள் பல. அவர்களில் பலருடைய தாய்மாருக்குக் கிளினிக்கே கிடையாது. நமக்கோ வீதி முனையில் இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

ஆகவே தங்கையே, இப்படிச் செய்யுங்கள். முதலில் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்து விரியுங்கள். போலியோ சொட்டு 2, 4, 6 மாதங்களிலும், 18 மாதத்திலும், 5 வயதிலும் கொடுக்க வேண்டியது. எங்கே வெற்றிடம் இருக்கிறதென்று பாருங்கள். பிந்திவிட்டதே என்று வெட்கப்பட வேண்டாம். தவறியதை இப்போதும் கொடுக்கலாம். ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இலேசான தடிமனுக்காகத் தள்ளிப் போடவும் தேவையில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் மருத்துவ மாதுவிடம் சொல்லிக் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு ஒருநாள், இரண்டு நாள் பிள்ளை சிணுங்கலாம். முக்கூட்டு ஊசி போட்ட இடம் சிவந்து, காய்ச்சல் காயலாம். அதற்கும் என்ன செய்வதென்று கிளினிக்கிலேயே சொல்வார்கள்.

இரண்டாவது, மாமியோடு வாதாட வேண்டாம். அவரையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "மாமி, நீங்களே மிஸ்ஸிட்டக் கேளுங்க" என்று முன்னால் விடுங்கள். சொட்டு மருந்துச் சின்னப் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். அதன் லேபலில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூடுபடாமல் நன்றாக இருக்கிறது. வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அதைக் கொடுக்க மாட்டார்கள். இப்படிக் கண்ணால் பார்க்கும் ஒரு விடயம், நூறு குரல் பதிவுகளுக்குச் சமம்.

கிளினிக்கில் கடமை புரியும் சகோதரிகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிந்தி வரும் தாயைப் பத்துப் பேர் முன்னால் ஏசாதீர்கள். ஒரு தடவை ஏச்சு வாங்கியவள் அடுத்த தடவை வர மாட்டாள். அவள் கேட்கும் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கானோவில் ஒதுக்கப்படாத அந்த இரண்டு நிமிடம்தான் யெமன் வரைக்கும் போனது.

நம் எல்லோருக்கும் ஒன்று. யார் பேசினார் என்று தெரியாத பதிவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் நம்பாவிட்டாலும், உங்கள் பெயரில் வருவதால் இன்னொரு தாய் நம்புவாள்.

எங்கள் தெரு ராத்தாவைச் சொன்னேன் அல்லவா? அவர் மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் நாளில், ஊன்றுகோலோடு கிளினிக் வாசலில் முதல் ஆளாக நிற்பது அவர்தான். வெயிலில் ஏன் வருகிறீர்கள், மகள் பார்த்துக்கொள்ள மாட்டாவா என்று ஒருமுறை கேட்டேன். "எங்கட உம்மாவுக்கு இந்த மருந்து கிடைக்கல்ல. கிடைச்சிருந்தா என்னத் தூக்கிட்டு ஓடி வந்திருப்பா" என்றார்.

கிண்ணியாத் தங்கையே, அடுத்த கிளினிக் நாள் எப்போதென்று இன்றைக்கே விசாரியுங்கள். போய் வந்த பிறகு இரண்டு வரி எழுதுங்கள். மாமி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், காத்திருப்பேன்.